ஆர்டரை எண்ணுகிறோம், பொசிஷனைக் கவனிப்பது யார்?

பங்குச் சந்தையில் கணினி நிரல் மூலம் தானாக வாங்கி விற்கும் ‘அல்கோ’ வணிகம் நெடுங்காலம் பெரிய நிறுவனங்களுக்கே உரியதாக இருந்தது. இன்று ஒரு மடிக்கணினியும், தரகு நிறுவனம் தரும் ஏபிஐ இணைப்பும், பைத்தான் மொழியில் ஓரளவு பழக்கமும் இருந்தால் எவரும் அதில் இறங்கிவிட முடிகிறது. இந்தச் சிறு வணிகர்களை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவருவதற்காக, இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி 2025 பிப்ரவரி 4 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன் அமலாக்கம் முதலில் 2025 ஆகஸ்டுக்குக் குறிக்கப்பட்டு, பின்னர் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. இறுதியில் எல்லாத் தரகு நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் இந்த ஏற்பாட்டுக்கு மாறிவிட வேண்டும் என்று காலவரம்பு வைக்கப்பட்டது.

விதிகளின் சாரம் எளியது. நிரல் அனுப்பும் ஒவ்வோர் ஆர்டருக்கும் சந்தை வழங்கும் அடையாள எண் இருக்க வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்த, மாறாத இணைய முகவரியிலிருந்து மட்டுமே ஆர்டர் வர வேண்டும். நொடிக்குப் பத்து ஆர்டர் என்ற வரம்பைத் தாண்டும் நிரலைத் தரகர் வழியாகச் சந்தையில் பதிவு செய்ய வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாத ‘கறுப்புப் பெட்டி’ நிரல்களை விற்போர், ஆய்வு ஆலோசகராகச் செபியிடம் பதிவு பெற வேண்டும். ஒரு நிரல் கட்டுமீறினால் அதன் ஆர்டர்களைத் தடுத்து நிறுத்தும் ‘கில் சுவிட்ச்’ சந்தையின் கையில் இருக்க வேண்டும்.

தேவையான விதிகள்தான். யார் அனுப்புகிறார், எங்கிருந்து அனுப்புகிறார், எவ்வளவு வேகமாக அனுப்புகிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் இவற்றில் விடை இருக்கிறது. ஆனால், ஆர்டர் நிறைவேறிய பிறகு வணிகரின் கையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பது நான்காவது கேள்வி. வாங்கியதை விற்கும் வரையிலும், விற்றதைத் திரும்ப வாங்கும் வரையிலும் முடிவடையாமல் கிடக்கும் அந்தக் கணக்கைத்தான் சந்தையில் ‘ஓப்பன் பொசிஷன்’ என்கிறார்கள். லாபமும் நஷ்டமும் ஆர்டரில் இல்லை, பொசிஷனில்தான் இருக்கின்றன. நொடிக்கு ஒரே ஓர் ஆர்டர் அனுப்பும் மிகச் சாதுவான நிரல்கூட, தான் எதை வைத்திருக்கிறது என்பதை மறந்துவிட்டால் குடும்பச் சேமிப்பை ஒரு பிற்பகலில் கரைத்துவிடும்.

இது கற்பனை அச்சமல்ல என்பதற்கு முன்பேர வணிகத்தின் பின்னணியைப் பார்க்க வேண்டும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர் என்று செபியின் ஆய்வு சொன்னது. அவர்களின் மொத்த நஷ்டம் ₹1.8 லட்சம் கோடி. 2024-25 நிதியாண்டில் கட்டுப்பாடுகள் இறுகிய பிறகும் 91 சதவீதத்தினர் நஷ்டமே கண்டனர். அந்த ஓராண்டின் நிகர நஷ்டம் ₹1.05 லட்சம் கோடியைத் தாண்டியது.

அதே ஆய்வின் இன்னொரு பக்கம் கவனத்துக்குரியது. 2023-24-இல் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் ₹33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் ₹28,000 கோடியும் லாபம் ஈட்டின. அந்த லாபத்தில் முறையே 96, 97 சதவீதம் அல்கோ மூலம் வந்தது. இந்த எண்களைக் காட்டித்தான் ‘நிறுவனங்கள் நிரலால் வெல்கின்றன, நீங்களும் நிரல் எழுதினால் வெல்லலாம்’ என்ற விளம்பரங்கள் வருகின்றன. நிறுவனங்கள் நிரலுக்குச் செலவிடுவதில் எவ்வளவு பங்கு வாங்கும் உத்திக்குப் போகிறது, எவ்வளவு பங்கு கையிருப்பைக் கண்காணிப்பதற்குப் போகிறது என்பதை அந்த விளம்பரங்கள் பேசுவதில்லை. அந்தக் கண்காணிப்பு இல்லாதபோது பெரிய நிறுவனமே என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் நடந்த ஒரு சம்பவம் முழு ஆவணச் சான்றுகளுடன் இருக்கிறது.

நைட் கேப்பிட்டல் அமெரிக்கப் பங்குச் சந்தையின் முன்னணி வணிக நிறுவனங்களில் ஒன்று. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தை தொடங்கவிருந்த புதிய திட்டம் ஒன்றுக்காக, தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றப்பட்டது, ஒன்றில் விடுபட்டது. புதிய நிரலை இயக்கும் குறியீடு, பல ஆண்டுகளாகப் பயன்படுத்தப்படாமல் கிடந்த ‘பவர் பெக்’ என்ற பழைய நிரலுக்கு முன்பு உரியதாக இருந்தது. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வரில் அந்தப் பழைய நிரல் உயிர்பெற்றது.

இதுவரை பலரும் அறிந்த கதை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட ஆணையில் உள்ள மற்ற விவரங்கள் நம் விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானவை. ஒரு பெரிய ஆர்டரைச் சிறு சிறு ஆர்டர்களாகப் பிரித்து அனுப்பும்போது, இதுவரை எத்தனை பங்குகள் கிடைத்துவிட்டன என்று எண்ணிக்கொண்டே வந்து, போதுமானது வந்ததும் நிறுத்தும் பகுதி பவர் பெக்கில் இருந்தது. 2005-இல் அந்தப் பகுதி நிரலின் வேறோர் இடத்துக்கு மாற்றப்பட்டது. மாற்றிய பிறகு பழைய நிரல் சரியாக இயங்குகிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. அதனால், 2012-இல் விழித்தெழுந்த நிரலுக்கு ஆர்டர் அனுப்பத் தெரிந்தது. வந்ததை எண்ணத் தெரியவில்லை. வாடிக்கையாளர்களின் 212 ஆர்டர்களுக்காக அது 154 நிறுவனப் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளைச் செய்தது. 45 நிமிடங்களில் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கிய பங்குகளும், சுமார் 315 கோடி டாலருக்கு இல்லாமலே விற்ற பங்குகளும் நிறுவனத்தின் தலையில் குவிந்தன. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

நைட் நிறுவனத்தில் பொசிஷனைக் காட்டும் திரை இல்லாமல் இல்லை, இருந்தது. ஆனால், அது பார்ப்பதற்கான திரை மட்டுமே. வரம்பு மீறினால் தானாக எச்சரிக்காது. எந்தக் கணக்குக்கு எவ்வளவு வரம்பு என்பதையும் காட்டாது. பரிவர்த்தனை பெருகும் நேரங்களில் பின்தங்கியும் போகும். தவறான பங்குகள் வந்து குவிந்த கணக்குக்கு 20 லட்சம் டாலர் வரம்பு நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஆனால், வரம்பைத் தாண்டினால் ஆர்டரை நிறுத்தும் எந்த ஏற்பாட்டோடும் அது இணைக்கப்படவில்லை. சந்தை திறப்பதற்கு முன்பே நிறுவனத்தின் கணினி அமைப்பு, பவர் பெக் பெயரைக் குறிப்பிட்டுப் பிழை காட்டும் 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. எச்சரிக்கை என்ற பெயரில் அவை வடிவமைக்கப்படாததால் எவரும் பொருட்படுத்தவில்லை. போதாக்குறைக்கு, பதற்றத்தில் புதிய நிரல்தான் கோளாறு என்று எண்ணி, சரியாக இயங்கிய ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். அந்த ஏழிலும் பவர் பெக் விழித்துக்கொண்டது. ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது. சுயேச்சையான நிறுவனமாக நைட்டின் வாழ்வு அடுத்த ஆண்டே முடிந்து, அது கெட்கோ நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

நைட்டின் அளவில் நம் சிறு வணிகருக்கு ஆபத்து வராது என்பது உண்மை. ஆனால் வகை ஒன்றே. வீட்டில் இயங்கும் நிரல் தடுமாறும் இடங்களைப் பட்டியலிட்டால், அவற்றில் பெரும்பாலானவை உத்தி சார்ந்தவை அல்ல. கையிருப்பைப் பற்றி நிரல் நம்புவதும் தரகரின் ஏட்டில் இருப்பதும் வேறுபடும் இடங்களாகவே இருக்கின்றன.

மிக எளிய நிகழ்வை எடுத்துக்கொள்வோம். நிரல் ஓர் ஆர்டரை அனுப்புகிறது. இணைப்பு தடைபட்டு, பதில் வரவில்லை. ஆர்டர் போகவில்லை என்று கருதி மீண்டும் அனுப்புகிறது. உண்மையில் முதல் ஆர்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில்தான் வழியில் தொலைந்தது. இப்போது ஒன்றுக்கு இரண்டு பொசிஷன். நிரலின் நினைவில் ஒன்று மட்டுமே. மாலையில் அந்த ஒன்றை முடித்துவிட்டு நிரல் நிம்மதியாக உறங்கச் செல்கிறது. இதற்கான தீர்வு ஒன்றும் அரிதல்ல. ஒவ்வோர் ஆர்டருக்கும் தனிக் குறியீடு இட்டு, பதில் வராதபோது முதலில் தரகரின் ஆர்டர் ஏட்டில் அக்குறியீட்டைத் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகே மறுமுறை அனுப்ப வேண்டும். இதற்குச் சில வரிகள் போதும். ஆனால், இருபது நிமிடக் காணொளிப் பாடங்களில் இந்தச் சில வரிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நஷ்டத்தைக் கட்டுப்படுத்த வைக்கும் ‘ஸ்டாப் லாஸ்’ ஆர்டர் இன்னும் நுட்பமான பொறி. குறிப்பிட்ட விலையைத் தொட்டதும் கிடைத்த விலைக்கு வெளியேறும் வகை ஆர்டரை, ஆப்ஷன்களுக்கு மட்டும் தேசிய பங்குச் சந்தை 2021 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. நடப்பு விலைக்குச் சற்றும் தொடர்பில்லாத விபரீத விலைகளில் அத்தகைய ஆர்டர்கள் நிறைவேறி முதலீட்டாளர்கள் பாதிக்கப்பட்டதே காரணம், முடிவும் நியாயமானதே. அதன் விளைவு, இப்போது விலை வரம்பு உள்ள ஸ்டாப் லாஸ் மட்டுமே வைக்க முடியும். ₹100-க்கு ஓர் ஆப்ஷனை விற்றவர், விலை ₹130-ஐத் தொட்டால் அதிகபட்சம் ₹132-க்குத் திரும்ப வாங்கும்படி ஆர்டர் வைக்கிறார் என்று கொள்வோம். விலை ₹128-லிருந்து ஒரே தாவலில் ₹140-க்குப் போனால், ஆர்டர் விழித்துக்கொள்ளும்; ஆனால் ₹132-க்கு விற்க ஆள் இல்லாததால் அப்படியே காத்து நிற்கும். நிரலின் குறிப்பில் ‘ஸ்டாப் லாஸ் வைக்கப்பட்டது’ என்றிருக்கும். பொசிஷன் திறந்தே இருக்கும். விலை ₹200 ஆனாலும் அப்படியே இருக்கும். ஆர்டர் வைக்கப்பட்டதா என்று கேட்கும் நிரலுக்கும், பொசிஷன் முடிந்ததா என்று கேட்கும் நிரலுக்கும் உள்ள வேறுபாட்டின் விலை அன்று தெரியவரும்.

விலைத் தகவலும் ஏமாற்றக்கூடியதே. நொடிதோறும் விலையைக் கொண்டுவரும் இணைப்பு ஓசையின்றி அறுந்துபோனால், கடைசியாக வந்த விலை நினைவகத்தில் அப்படியே நிற்கும். திரையில் நஷ்டம் கூடவில்லை. எனவே எல்லாம் நலமே என்று தோன்றும். விலை மாறவில்லை என்பதும் விலை வரவில்லை என்பதும் நிரலுக்கு ஒன்றாகவே தெரியும். வந்த நேரத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி எழுதினால் மட்டுமே வேறுபடுத்தும்.

அடுத்தது, ஒரே பொசிஷனை இருவர் முடிக்கும் விபரீதம். அன்றன்றைக்கு முடிக்க வேண்டிய கணக்குகளைத் தரகு நிறுவனத்தின் அமைப்பே சந்தை மூடுவதற்குச் சற்று முன்பு தானாக முடித்துவிடும். அதே நிமிடத்தில் நிரலும் தன் வெளியேறும் ஆர்டரை அனுப்பினால், முடிந்துபோன கணக்கு தலைகீழாகி எதிர்த்திசையில் புதிய பொசிஷனாகப் பிறக்கும். நிறுவனப் பங்குகள் மீதான ஆப்ஷன்களில் மறதிக்கு இன்னும் பெரிய விலை உண்டு. 2019 அக்டோபர் முதல் அவை அனைத்தும் பங்குகளையே கைமாற்றித் தீர்க்கப்பட வேண்டியவை. லாபத்தில் இருக்கும் ஓர் ஆப்ஷன் காலாவதி நாளில் கவனிக்கப்படாமல் கிடந்தால், சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியவர் சில லட்சம் ரூபாய்க்குப் பங்குகளைப் பெற்றுக்கொள்ளக் கடமைப்படுகிறார்.

சந்தையே நின்றுபோகும் நாள்களும் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40 மணிக்குத் தேசிய பங்குச் சந்தை தொழில்நுட்பக் கோளாறால் நின்றது. மீண்டும் பிற்பகல் 3.45-க்குத் திறந்து மாலை 5 மணி வரை நடந்தது. தேசிய பங்குச் சந்தை அன்று திறக்காமலே போகலாம் என்று அஞ்சிய சில தரகு நிறுவனங்கள், வாடிக்கையாளர்களின் தினக் கணக்குகளை மும்பை பங்குச் சந்தையில் முடித்தன. ‘3.15 மணிக்கு வெளியேறு’ என்று மட்டும் எழுதப்பட்ட நிரலுக்கு அந்த நாளைப் புரிந்துகொள்ளும் வழியே இல்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மனிதரை அழைக்கும் ஒரு கிளை அதில் இருந்திருக்க வேண்டும்.

நம் ஊர் மளிகைக் கடைக்காரர் இரவு கதவைச் சாத்துமுன் கல்லாப்பெட்டியையும் கணக்கேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஏட்டில் இருப்பது எதுவானாலும் பெட்டியில் இருப்பதே பணம் என்பது அவருக்குத் தெரியும். பொசிஷனைக் கண்காணிக்கும் நிரலின் வேலையும் இதுதான். தரகரின் ஏட்டைச் சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்டு வாங்கி, தன் நினைவோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் புதிய ஆர்டர் அனுப்புவதை நிறுத்தி, உரிமையாளரை எழுப்ப வேண்டும். மின்தடைக்குப் பிறகு மீண்டும் தொடங்கும்போது தன் கோப்பை அல்ல, தரகரின் ஏட்டையே முதலில் படிக்க வேண்டும். முக்கியமாக, இது வாங்கி விற்கும் நிரலின் ஒரு பகுதியாக இல்லாமல் தனி நிரலாக, இயன்றால் தனிக் கணினியில் இருக்க வேண்டும். உத்தி நிரல் செயலிழக்கும்போது அதோடு சேர்ந்து காவலும் செயலிழந்தால் பயனில்லை.

இவையெல்லாம் தனிநபரின் பொறுப்பு. ஒழுங்குமுறை ஆணையம் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். சந்தையில் ஏற்கெனவே மார்ஜின் முறை இருக்கிறது, ஈடு குறைந்தால் தரகரே பொசிஷனை முடித்துவிடுவார் என்ற வாதமும் வலுவானதே. ஆனால், மார்ஜின் காப்பது யாரை? வாடிக்கையாளரின் நஷ்டம் தரகரையோ தீர்வகத்தையோ தொடாமல் இருப்பதற்கான அரண் அது. அது செயல்படத் தொடங்கும்போது வாடிக்கையாளரின் பணத்தில் பெரும்பகுதி போயிருக்கும். ₹5 லட்சம் ஈடு வைத்திருப்பவர் அன்றைக்கு ₹10,000-க்கு மேல் இழக்க விரும்பவில்லை என்பது மார்ஜின் அமைப்புக்குத் தெரியாது; தெரிய வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

கில் சுவிட்ச் பற்றிய பேச்சிலும் இதே குழப்பம் இருக்கிறது. விதிகள் சொல்லும் கில் சுவிட்ச் ஒரு நிரலின் ஆர்டர்களை நிறுத்துகிறது. பொசிஷன் திறந்திருக்கும் வேளையில் ஆர்டர்களை நிறுத்தினால், வெளியேறும் ஆர்டரும் சேர்ந்தே நிற்கும். சந்தையைக் காக்க அது அவசியமாக இருக்கலாம். வணிகரைப் பொறுத்தவரை, ஓடும் வண்டியில் ஓட்டுநரை மட்டும் இறக்கிவிட்டதற்குச் சமம். தரகு நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குத் தரும் கில் சுவிட்ச் வசதியிலும் சில இடங்களில் பொசிஷன் திறந்திருந்தால் அதைச் செயல்படுத்தவே முடியாது. பதிவு செய்த இணைய முகவரியிலிருந்து மட்டுமே நிரல் ஆர்டர் அனுப்பலாம் என்ற பாதுகாப்பு விதிக்கும் இதேபோன்ற மறுபக்கம் உண்டு. அந்த இணைப்பு துண்டிக்கப்பட்ட நேரத்தில் பதிவு செய்யாத வேறோர் இணைப்பிலிருந்து நிரலை இயக்கி வெளியேற முடியாது. கைப்பேசிச் செயலியைத் திறந்து கையால்தான் முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது நிரலின் உரிமையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலருக்கும் தெரியாது.

எனவே, செபி தன் அடுத்த திருத்தத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வாடிக்கையாளரே தன் கணக்குக்கு அதிகபட்ச பொசிஷன் அளவையும் ஒருநாள் நஷ்ட வரம்பையும் தரகரிடம் நிர்ணயிக்கும் வசதி கட்டாயமாக வேண்டும். அதைக் குறைக்க எந்நேரமும் முடியலாம். உயர்த்துவது மறுநாள் முதல்தான் நடைமுறைக்கு வர வேண்டும். காலையில் தெளிந்த மனதோடு வைத்த வரம்பைப் பிற்பகல் நஷ்டத்தின் நடுவில் தளர்த்த இடம் தரக் கூடாது. புதிய ஆர்டர்களைத் தடுக்கும்போதும், இருக்கும் பொசிஷனைக் குறைக்கும் ஆர்டர்களுக்கு மட்டும் வழிவிடும் வகையில் கில் சுவிட்ச் வரையறுக்கப்பட வேண்டும். தரகு நிறுவனங்கள் தங்கள் ஏபிஐ எத்தனை நிமிடங்கள் செயலிழந்தது, பொசிஷன் விவரம் எத்தனை நொடி தாமதமாக வந்தது என்பதை மாதந்தோறும் வெளியிட வேண்டும். உத்திகளை விற்போர் பதிவு பெறுவதோடு நில்லாமல், ஆர்டர் நிராகரிக்கப்பட்டால், பாதி மட்டும் நிறைவேறினால், இணைப்பு அறுந்தால் தங்கள் நிரல் என்ன செய்யும் என்பதை எழுத்தில் தர வேண்டும். தரகு நிறுவனங்கள் இதனால் செலவு கூடும் என்று சொல்லும், கூடத்தான் செய்யும். அல்கோ வணிகம் தொடர்பான வாடிக்கையாளர் குறைகளுக்குத் தரகரே பொறுப்பு என்று புதிய சுற்றறிக்கை சொல்லிவிட்ட பிறகு, அந்தப் பொறுப்பை நிறைவேற்றுவதற்கான கருவிகளுக்குச் செலவிடுவதைத் தவிர்க்க முடியாது.

இதற்கான தரவு இப்போதுதான் முதன்முறையாகத் திரளத் தொடங்குகிறது. இதுவரை சிறு வணிகரின் ஏபிஐ ஆர்டர் நிரலிலிருந்து வந்ததா, கையால் இட்டதா என்று சந்தையால் பிரித்தறிய முடியவில்லை. இனி வரம்புக்குக் கீழே இயங்கும் நிரலின் ஆர்டருக்கும் பொதுவான அடையாளமாவது இருக்கும். நஷ்டமடைந்த 91 சதவீதத்தினரில் நிரல் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களின் பொசிஷன்களில் தரகரால் கட்டாயமாக முடிக்கப்பட்டவை எத்தனை, தங்கள் நிரலே முடித்தவை எத்தனை என்பதை முன்பேர வணிகம் குறித்த செபியின் அடுத்த ஆய்வு தனியே பிரித்துக் காட்ட முடியும்.